வண்டிக்குள் இருந்ததைச் சொல்லாத சரோஜா

முதல் பஸ்ஸில் வருகிற சரோஜா அன்றைக்கு வரவில்லை. டீக்கடை சாத்தியே கிடந்தது. நான் கதம்பம் கட்டிக்கொண்டிருக்கும்போது ஆர்.கே.பேட்டையிலிருந்து அவள் மகன் குமார் போன் செய்தான். "பெரிம்மா, அம்மா போயிடுச்சி" என்றான். எழுந்து அடுப்பு பற்ற வைத்தவள், மார் அடைக்கிற மாதிரி இருக்குது என்று படுத்தாளாம். ஆஸ்பத்திரிக்கு வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது. நான் "ஆங், ஆங்" என்று மட்டும் சொன்னேன். போனை வைத்த பிறகும் கை பாட்டுக்குப் பூவைக் கட்டிக்கொண்டே போனது. நூல் தீர்ந்த பிறகுதான் அழுகை வந்தது.

அன்றைக்கே என் கடை எதிரில் நின்ற ஒருத்தர் கேட்டார். "யாரு, அந்தக் கார் கெழவியா? திருட்டு வண்டி கேஸுல மாட்டிச்சே, அதுவா?" அவர் சிரிக்கக்கூட இல்லை. அடையாளத்துக்காகத்தான் கேட்டார். செத்தவளுக்கு அதுதான் அடையாளமா என்று எனக்கு நெஞ்சு எரிந்தது. குளத்தங்கரைக் கடைக்காரர்கள், வேன் டிரைவர்கள், அவள் கையால் டீ குடித்த எல்லாருக்கும் இதை எழுதுகிறேன். நான் அஞ்சாம் கிளாஸ் வரைக்கும் படித்தவள். டீச்சருக்குப் படிக்கிற என் பேத்தி திருத்தித் தருகிறேன் என்றாள். பிழையை மட்டும் திருத்து, என் பேச்சைத் திருத்தாதே என்று சொல்லிவிட்டேன்.

சரோஜா தறிக்காரக் குடும்பம். வீட்டுக்காரர் வேன் ஓட்டினார். நல்ல மனுஷன், ஆனால் மறதி. சாவியை உள்ளேயே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, "சரோஜா" என்று தெருவிலிருந்து கூப்பிடுவார். விசைத்தறியில் கழித்துப் போட்ட ஒரு மெல்லிய இரும்புப் பட்டையை நுனியில் வளைத்து, கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவில் இறக்கி, உள்ளே இருக்கிற கம்பியைப் பிடித்து இழுக்க அவள் பழகிக்கொண்டது அந்த மனுஷனுக்காகத்தான். "எங்க வீட்டுக்காரரு எனக்கு நகை நட்டு வாங்கித் தரல அக்கா, இந்த வித்தையத் தந்தாரு" என்பாள். அவர் போன பிறகு திருத்தணியில் சரவணப் பொய்கைக்கு எதிரில், என் பூக்கடைக்குப் பக்கத்தில் டீக்கடை போட்டாள். பட்டை டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால் செருகியிருக்கும்.

நம் ஊரில் அதற்கு வேலை இல்லாமல் போகாது. முடி கொடுக்க வருகிறவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு, பேன்டைக் கழற்றிப் பின்சீட்டில் போட்டு, வேட்டியைச் சுற்றிக்கொண்டு, கதவை ஓங்கிச் சாத்துவார்கள். சாவி பேன்ட் பையில் இருக்கும். மொட்டையடித்து, குளத்தில் முழுகி, சந்தனம் பூசிக்கொண்டு ஈர வேட்டியோடு வந்து கதவை இழுக்கும்போதுதான் தெரியும். போனும் உள்ளே, சட்டையும் உள்ளே. சரோஜா முதலில் ஒரு காய்ந்த துண்டைக் கொடுத்து, டீ ஊற்றிக் கொடுத்து, "முருகன் உன்ன இன்னும் கொஞ்ச நேரம் வெச்சிப் பாக்கணும்னு நெனைக்கிறாரு நைனா, குடி" என்பாள். எல்லா வண்டியும் அவளுக்குத் திறக்காது. சிலதில் கோடு விழுந்துவிடும், திட்டு வாங்குவாள். புது வண்டி என்றால் தொடவே மாட்டாள். அரக்கோணத்தில் சாவி போடுகிறவருக்குப் போன் போட்டு, அவர் வருகிற வரைக்கும் அவர்களை உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருப்பாள்.

அப்படி ஒரு நாள் மொட்டைத் தலையும் சந்தனமும் ஈர வேட்டியுமாக ஒருத்தன் வந்தான். சாவி சீட்டிலேயே கிடந்தது. திறந்து விட்டாள். கும்பிட்டுவிட்டு ஓட்டிக்கொண்டு போனான். கொஞ்ச நேரம் கழித்துக் குளத்திலிருந்து இன்னொரு மொட்டை ஏறி வந்து, "என் வண்டி எங்க?" என்றது. ஸ்டேஷனில் அடையாளம் கேட்டார்கள். "மொட்ட, சந்தனம், ஈர வேட்டி" என்றாள். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டு, "ஏம்மா, வெளிய நிக்கிறவன் எல்லாமே அப்படித்தாம்மா இருக்கான்" என்றார். வண்டி சித்தூர்ப் பக்கம் கிடைத்தது. அதில் இருந்த பை கிடைக்கவில்லை. இவளும் கூட்டு என்று யாரும் எழுதவில்லை. ஆனால் பேசினார்கள். பேசுவதற்குக் கையெழுத்து வேண்டாமே.

குமாருக்குத் தெருவில் தலை காட்ட முடியவில்லை. "அந்தப் பட்டைய எடுத்து எறிம்மா, மானம் போவுது" என்று சத்தம் போட்டான். எறிந்துவிட்டேன் என்று மகனிடம் சொன்னாள். எறியவில்லை. ஒரு பெண், மாமனாருடைய சர்க்கரை ஊசி வண்டிக்குள் மாட்டிக்கொண்டது என்று அழுதுகொண்டு வந்தாள். சரோஜா என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்து பூ கட்டினேன். அவள் எழுந்து போனாள். அன்றைக்குத்தான் ஒரு சட்டம் போட்டாள். "உள்ள இன்னா இருக்குதுன்னு மொதல்ல சொல்லு, அப்புறம் கைய வெக்கிறேன்." கதவு திறந்ததும் சாவியை அவள்தான் எடுப்பாள். சொன்ன சாமான் இருந்தால்தான் கையில் கொடுப்பாள். நாலு பேர் பார்க்க நடக்கும். போன பேரைத் திருப்பிக் கொண்டுவர அவளுக்கு அது ஒன்றுதான் வழி.

இதில் கூத்தும் நடக்கும். பக்தியாக நின்ற ஒரு பெரியவர் துணி, செருப்பு, தண்ணி பாட்டில் என்றெல்லாம் சொல்லிவிட்டு ஒன்றை மட்டும் விழுங்கினார். கதவைத் திறந்ததும் பிரியாணி வாசனை தெரு வரைக்கும் வந்தது. அவர் சம்சாரம் முறைத்த முறைப்பில் சந்தனமே காய்ந்துவிட்டது. "சாமிக்குத் தெரியும், வீட்டுக்காரம்மாவுக்குத்தான் தெரியல போல" என்று சரோஜா சாவியைக் கொடுத்தாள்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். மதிய நேரம். அறுபது தாண்டின ஒருத்தர், புது மொட்டை, தனியாக வந்தார். வண்டி பூட்டிக்கொண்டது என்றார். வெயிலுக்காகக் கண்ணாடிக்கெல்லாம் உள்பக்கம் கறுப்புத் துணி மாட்டியிருந்தது. "உள்ள இன்னா இருக்குது?" என்றாள். அவர் மலையைப் பார்த்தார். மறுபடியும் கேட்டாள். தரையைப் பார்த்தார். சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. "பாத்தியா, இன்னொருத்தன் வந்துட்டான்." "போலீசுக்குப் போன் போடுப்பா." "சரோஜாம்மா, இந்தத் தடவ பங்கு எவ்ளோ?" அவள் முகம் கறுத்துவிட்டது. அந்த ஆள் திருடன் என்றால் அவள் அதோடு கடையை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

அவள் அவர் பக்கத்தில் போனாள். "எங்கிட்ட மட்டும் சொல்லுங்க" என்றாள். அவர் குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னார். சரோஜா பட்டையை இறக்கினாள். கதவு திறந்தது என் கடைப் பக்கம். அதனால் நான் பார்த்தேன். முன்சீட்டில் சிவப்புத் துணி கட்டின ஒரு சின்னக் கலசம். அது சாயாமல் இருக்க சீட் பெல்ட் போட்டிருந்தது. சாம்பல் வைத்த கலசம் என்று பார்த்ததும் தெரிந்தது. பக்கத்திலேயே அர்ச்சனைத் தட்டு, தேங்காய், என் கடையில் வாங்கின சாமிப் பூ. எனக்குக் கத்த வாய் வந்துவிட்டது. சரோஜா கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அக்கா, வாயத் தொறந்தீன்னா உன் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன்."

"தீட்டுடி" என்றேன், மெதுவாகத்தான்.

"எதிர்ல கொளம் இருக்குது இல்ல, முழுகிக்கோ" என்று சொல்லிவிட்டு, என் கூடையிலிருந்து கேட்காமலே ஒரு முழம் முல்லையை எடுத்தாள். "மலை மேல சாமிக்குப் பூ கொறைஞ்சிடாது, வுடு." அதை அவரிடம் கொடுத்தாள். அவர் கலசத்தைச் சுற்றி வைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

கூட்டம் விடவில்லை. "உள்ள இன்னாதான் இருந்திச்சி?" என்று கேட்டார்கள். "அவரு வீட்டுச் சாமான்" என்றாள். அவ்வளவுதான். அவள் போட்ட சட்டத்தை அவளே மீறினாள், கையில் எதையோ வாங்கிக்கொண்டாள் என்று அன்றிலிருந்து பேச்சு இன்னும் மோசமானது. கார்த் திருடி என்று முகத்துக்கு நேராகவே கூப்பிட்டவர்கள் இதைப் படிப்பார்கள். அவர்களுக்கும் அவள் டீ ஊற்றிக் கொடுத்தாள். "ஒரு வார்த்த சொல்லிடேன்டி" என்று நான் எத்தனையோ தடவை கேட்டேன். "அது என் சாமான் இல்லக்கா, சொல்றதுக்கு" என்பாள்.

அந்த மனுஷர் வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். டீ குடிப்பார். இரண்டு பேரும் அதிகம் பேச மாட்டார்கள். இந்த வருஷம் வந்தபோது கடை சாத்தியிருந்தது. என்னிடம் கேட்டார். சொன்னேன். கார் மேலேயே சாய்ந்து நின்றுவிட்டார். பிறகு, காரியம் என்றைக்கு என்று கேட்டார்.

காரியத்துக்கு ஆர்.கே.பேட்டைக்கு வந்தார். பந்தியில் நம் கடைத்தெரு ஆள் ஒருத்தர் பழைய கதையை எடுத்தார். "பாவம், நல்ல பொம்பளதான், அந்தக் கறுப்புத் துணி வண்டி விஷயம் மட்டும் இல்லன்னா." அந்தக் கலசத்து மனுஷர் இலையை விட்டு எழுந்தார். கை கூடக் கழுவவில்லை. "அந்த வண்டி என்னோடது" என்றார். சம்சாரத்துக்கு உடம்பு சரியாக வேண்டும் என்று திருத்தணிக்கு முடி வேண்டிக்கொண்டாராம். சரியாகவில்லை, போய்ச் சேர்ந்துவிட்டாள். வேண்டினது வேண்டினதுதானே என்று, சாம்பலைக் கரைக்க ராமேஸ்வரம் போகிற வழியில் வந்து முடி கொடுத்திருக்கிறார். மலைக்கு அதை எடுத்துப் போகக் கூடாது என்று கீழே வண்டியிலேயே வைத்திருந்தாராம். "அன்னிக்கு அந்தம்மா வெளிய சொல்லியிருந்தா என்ன கல்லால அடிச்சிருப்பாங்க. அவங்க சொல்லல. அதுக்காக இவ்ளோ பேச்சு கேட்டுக்கினு இருந்தாங்கன்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

யாரும் சாப்பிடவில்லை. குமார் சாம்பார் வாளியோடு நின்றுகொண்டிருந்தான். கொல்லைப் பக்கம் என்னைக் கூப்பிட்டு, "எங்கிட்டகூட சொல்லலையே பெரிம்மா" என்றான். "உங்கிட்ட சொல்லியிருந்தா, எங்கம்மா திருடி இல்லன்னு நீ தெருத் தெருவா கத்தியிருப்படா. அது அவளுக்குத் தெரியும்" என்றேன். வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். அம்மா செத்த அன்றைக்கு அவன் அப்படி அழவில்லை.

அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். எழுதிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். அதனால் எழுதினேன். சரோஜா திருடி இல்லை. இனி அவள் பேரைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அவளிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று கேட்டால் ஒன்று சொல்வேன். இத்தனை வருஷமாகப் பூ வாங்க யார் வந்தாலும் சாமிக்கா, தலைக்கா என்று கேட்டுவிட்டுத்தான் நான் கூடையில் கை வைப்பேன். நேற்று பொட்டில்லாத நெற்றியோடு ஒரு பெண் வந்து ஒரு முழம் முல்லை கேட்டாள். கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அளந்து, இலையில் மடித்துக் கொடுத்தேன். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு போனாள்.