சந்தனம் வைத்த பானெட் கொக்கிகள்

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவின் மகள் தன் ஜீப்பில் பானெட் கொக்கிகளை மாற்றினாள். காடு மேடெல்லாம் ஏறும் என்று சொல்லி வாங்கிய வண்டி. நானறிய அது இதுவரை ஏறிய பெரிய மேடு ஊருக்குள் இருக்கும் மேம்பாலம்தான். வெயிலில் ரப்பர் வெடித்துப்போன பழைய கொக்கிகளைக் கழற்றிவிட்டு, பார்சலில் வந்த புது ஜோடியை என் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தேன்.

"மாமா, அது திங்கற சாதனம் இல்லையாக்கும்" என்றாள்.

சந்தன வாசனை வருகிறதா என்று பார்த்தேன், அவ்வளவுதான். வரவில்லை. புது ரப்பர் வாசனைதான் வந்தது. பானெட் கொக்கியில் சந்தனம் எங்கிருந்து வரும் என்று நீங்களும் சிரிப்பீர்கள். எங்கள் வீட்டில் வந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அக்கா மாட்டு டாக்டர். எங்கள் ஸ்ரீவராகம் தெருவில் அந்தக் காலத்தில் படித்த பெண்கள் டீச்சர் ஆனார்கள், பாங்க்கில் சேர்ந்தார்கள். பசுவின் வயிற்றுக்குள் தோள்வரை கையை விடுகிற வேலைக்குப் போனது எங்கள் அக்கா ஒருத்திதான். அப்பா வெளியாரிடம் "டாக்டர்" என்று மட்டும் சொல்லி அடுத்த பேச்சுக்கு நகர்ந்துவிடுவார். முதல் போஸ்டிங் பொன்முடி அடிவாரத்தில். மலைமேல் தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களுக்கு பஸ் கிடையாது என்பதால், ஏலத்தில் விட்ட பழைய ஜீப் ஒன்றை எடுத்து ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். அது அம்மாவின் கோலத்தின் மேல் எண்ணெய் சொட்டியது. அம்மா ஒரு வாரம் முனகினாள், பிறகு பழைய தாம்பாளம் ஒன்றை எடுத்து அடியில் வைத்துவிட்டாள். நானோ கிழக்கேகோட்டையில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் குமாஸ்தா. வாகனம் என்ற வகையில் எனக்குக் கைவந்தது சைக்கிள், அதுவும் காரியரில் உட்காருவது.

அந்த ஜீப்பின் பானெட் முன்பக்கமிருந்து திறக்கும். இரண்டு பக்கமும் மட்கார்டில் ஒவ்வொரு இரும்புக் கொக்கி. அவைதான் அதைப் பிடித்து வைத்திருந்தன. இரண்டும் துருப்பிடித்து ஸ்பிரிங் செத்துப்போனதால் அக்கா கயிறு போட்டுக் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நவராத்திரியில், அஷ்டமி அன்று காலை, நெடுமங்காடு தாண்டி இறக்கத்தில் கயிறு அறுந்தது. காற்று உள்ளே புகுந்து பானெட் எழும்பிக் கண்ணாடியில் அறைந்தது. எதிரே பஸ். பாதை தெரியாமலே பிரேக்கை மிதித்து எப்படியோ ஓரத்தில் நிறுத்தியிருக்கிறாள். விரிசல் விட்ட கண்ணாடியோடு ஊர்ந்து ஊர் வந்தவள் நேராகச் சாலை பஜாருக்குப் போய்ப் புதுக் கொக்கி ஒரு ஜோடி வாங்கிக்கொண்டுதான் வீடு சேர்ந்தாள்.

அங்கேதான் வந்தது வினை. வீட்டில் அப்பா பூஜை வைத்துக்கொண்டிருந்தார். மலையாள வழக்கம் கலந்த இந்த ஊரில் அஷ்டமி சாயந்திரம் புத்தகத்தையும் ஆயுதத்தையும் பூஜையில் வைத்தால் தசமி காலையில்தான் எடுப்பார்கள். நடுவில் யாரும் எழுத மாட்டார்கள், படிக்க மாட்டார்கள், ஒரு ஆணிகூட அடிக்க மாட்டார்கள். சின்ன வயதில் எனக்கு வருஷத்திலேயே பிடித்த நாள் அந்த நவமிதான். வொர்க்ஷாப்காரர்கள் ஸ்பானரை அடுக்கிப் பூ வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். எங்கள் வீட்டிலும் அப்பாவின் பேனா, என் கால்குலேட்டர், அம்மாவின் அரிவாள்மணை எல்லாம் மணைப்பலகை ஏறியிருந்தன. அக்காவின் மருந்துப் பை, ஸ்பானர் செட்டு, இன்னும் மாட்டாத அந்தப் புதுக் கொக்கிகள் ஆகியவற்றையும் அப்பா வாங்கி வைத்து ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் இட்டார். வேறு எந்த ஊரிலாவது வண்டியில் மாட்ட வேண்டியதை சரஸ்வதிக்கு முன்னால் மாட்டி வைப்பார்களா? லீவுதானே என்று அக்காவும் சும்மா இருந்துவிட்டாள்.

நவமி அன்று பத்து மணி வாக்கில் போன் அடித்தது. எஸ்டேட் ஆபீசிலிருந்து பேச்சியம்மா. புருஷன் இல்லாதவள், கொழுந்து பறிக்கிறவள், ஒற்றைப் பசுவின் பாலை விற்றுத்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். போனில் அவள் கத்தியது கூடம் முழுக்கக் கேட்டது.

"டாக்டரம்மா, கன்னுக்குட்டி ஒத்தக் கால் மட்டும் வெளிய வந்து நிக்கி. விடிஞ்சதுலருந்து முக்குது. அது போச்சுன்னா நாங்களும் போனோம்மா!"

அக்கா போனை வைத்துவிட்டுப் பூஜை அறை வாசலில் போய் நின்றாள்.

"அப்பா, பை வேணும். ஸ்பானரும் கொக்கியும் வேணும்."

"நவமியாக்கும். ஆயுதம் எடுக்கப்படாது."

"பசுவுக்கு அது தெரியாதேப்பா."

"டாக்ஸி பிடிச்சுண்டு போ."

"டாக்ஸிக்கும் இன்னிக்குப் பூஜை. பிடிச்சாலும் அந்த வழியில ஏறாது."

"அப்போ கயிறு போட்டுக் கட்டிண்டு போயேன்."

"நேத்திக்கும் கயிறுதான். மலையில வெச்சுப் பொங்கித்துன்னா நான் நேரா கொக்கையிலதான், கேட்டேளா?"

பொங்குவது என்றால் பானெட் எழும்புவது, கொக்கை என்றால் பள்ளத்தாக்கு. அவசரத்தில் அக்காவுக்கு மலையாளம்தான் முதலில் வரும். அப்பாவின் குணம் தெரிந்தவர்கள் அங்கே என்ன எதிர்பார்ப்பார்களோ அதையே நானும் எதிர்பார்த்தேன். முகூர்த்தத்துக்கு நாலு நிமிஷம் பிந்தியதற்காகச் சொந்தத் தங்கை வீட்டு விசேஷத்திலிருந்து எழுந்து வந்தவர் அவர். விருட்டென்று கொல்லைப் பக்கம் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். கிணற்றில் ராட்டினச் சத்தம் கேட்டது. தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈர வேஷ்டியோடு வந்து உட்கார்ந்தார். கற்பூரம் காட்டினார். பூஜையில் வைத்ததை வடக்கே கொஞ்சம் நகர்த்தினால் முடிந்தது என்று அர்த்தம். அதை தசமியில்தான் செய்வது வழக்கம். அப்பா மற்ற எதையும் தொடாமல் அந்தப் பையையும் ஸ்பானர் செட்டையும் கொக்கிகளையும் மட்டும் வடக்கே நகர்த்தினார்.

"பாக்கியெல்லாம் அங்கேயே இருக்கட்டும். இதுக்கு வேலை வந்தாச்சு" என்றார்.

ஜீப்புக்கு ஓடினோம். வலப்பக்கம் சுலபமாக வேலை முடிந்தது. இடப்பக்கம் பாட்டரியும் மட்கார்டும் ஒட்டி நின்றன; நடுவில் கையை விட்டு அடியிலிருந்து நட்டைப் பிடித்தால்தான் அக்கா மேலிருந்து போல்ட்டை முறுக்க முடியும். என் கையை விட்டேன். அது மணிக்கட்டோடு நின்றது. ஆடிட்டர் ஆபீசில் வேளைக்கு வேளை வடை தின்று வளர்த்த கை அது. "மாறு" என்று சொல்லி அப்பா என்னைத் தள்ளிவிட்டுத் தன் ஒல்லிக் கையை உள்ளே விட்டார். அதுவரை ஒரு ஸ்க்ரூவைக்கூடத் திருகியிராத கை. விபூதிப் பட்டை வரை கிரீஸ் ஏறியது. தெருவில் எல்லா வாசலிலும் ஆட்கள்.

"அப்பா, பிடிச்சுண்டேளா?"

"பிடிச்சிருக்கேன். நீ திருகு."

அந்த ஈர வேஷ்டியோடேயே அவரும் வண்டியில் ஏறிவிட்டார். பாதிப் பூஜையில் எடுத்ததால் முடிவைப் பார்க்காமல் இருக்க முடியாதாம். எஸ்டேட் பாதையில் ஜீப் குதித்த குதியில் நான் பின்னால் கம்பியைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன். அப்பா முன்னால் உட்கார்ந்து பானெட்டை மட்டுமே பார்த்துக்கொண்டு வந்தார். அது அசையவில்லை. பாதை முடிகிற இடத்தில் பேச்சியம்மா தலைத்துண்டை அவிழ்த்து வீசிக்கொண்டு நின்றாள்.

தொழுவத்தில், பசுவின் வயிற்றுக்குள் கன்றின் தலை பின்பக்கம் மடங்கிக் கிடந்தது. அக்கா சட்டைக் கையைத் தோள்வரை ஏற்றிக்கொண்டு மண்ணில் படுத்து, உள்ளே கைவிட்டுத் தலையை நேராக்கி, மடங்கியிருந்த மற்றக் காலையும் வெளியே கொண்டுவந்து, கால்களில் கயிறு போட்டு, பசு முக்கும்போது மட்டும் இழுக்கச் சொன்னாள். நானும் பேச்சியம்மாவும் இழுத்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கன்று வழுக்கிக்கொண்டு வந்து வைக்கோலில் விழுந்தது. மூச்சில்லை. அக்கா மூக்கைத் துடைத்து, ஒரு வைக்கோலை நாசியில் விட்டுக் கிண்டி, விலாவைத் தேய்த்தாள். அது தும்மியது.

பேச்சியம்மா ஓவென்று அழுதாள். அப்பா மூலையில் இருந்த குடத்தைத் தூக்கி வந்து, ரத்தமும் சளியுமாக இருந்த அக்காவின் கைக்குத் தண்ணீர் வார்த்தார். குருக்களுக்கும் சம்பந்திக்கும் மட்டும் அப்படி வார்த்துப் பார்த்திருக்கிறேன். என் அக்காவையும் அப்பாவையும் நினைத்து அப்போது எனக்கு வந்த பெருமையை இந்த வயதிலும் மறைக்கத் தெரியவில்லை.

மறுநாள் கோயில் வாசலில் எதிர்வீட்டு மாமா அப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

"நவமியில ஆயுதம் எடுத்தேளாமே ஓய்?"

"எடுத்தேன். கிடேரிக் கன்னு. தாயும் கன்னும் சௌக்கியம். எம் பொண்ணு மாட்டு டாக்டராக்கும், உமக்குத் தெரியாதோ?" என்று நாலு பேருக்குக் கேட்கச் சொல்லிவிட்டு அப்பா பிரதட்சிணத்துக்குப் போய்விட்டார்.

இப்போது அப்பா இல்லை. ஜீப்பைப் பழைய இரும்புக்குப் போட்டோம். அக்கா ரிட்டையர் ஆகி, முழங்கால் வலியோடு மகள் வீட்டில் இருக்கிறாள். எஸ்டேட்டையும் மூடி வெகுகாலமாகிறது. சில மாதம் முன்பு ஒரு காரியமாக அந்தப் பக்கம் போனவன் மேலே ஏறிப் பார்த்தேன். அக்கா வேறு வழியில்லாமல் ஓட்டிய அந்தச் சேற்றுப் பாதையில் ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டணத்துப் பிள்ளைகள் விளையாட்டுக்கு வண்டி ஏற்றுகிறார்கள். நன்றாகவே ஓட்டுகிறார்கள். பாதை முடிகிற இடத்தில் லயங்களுக்குக் கூரை இல்லை, தொழுவம் இருந்த இடத்தில் காட்டுச்செடி. பிள்ளைகள் அங்கே வந்து போட்டோ எடுத்துக்கொண்டு அப்படியே வண்டியைத் திருப்புகிறார்கள். அவர்களை எதிர்பார்த்து அங்கே யாரும் நிற்பதில்லை.