நெத்தலிக்கு ஒரு யாத்திரை

ஒன்று போதும் என்று விரலைக் காட்டுகிறார் அகஸ்ரின். சிசிலியில், போர்கோ வெக்கியோ சந்தை மூலையில் கடலைமாவைக் களியாய்க் கிண்டிச் சதுரமாய் வெட்டிப் பொரிப்பவனுக்கு வியாழக்கிழமைதோறும் நேரும் அவமானம் இது. ஊரெல்லாம் பாணுக்குள் அடைத்துத் தின்னும் பண்டத்தை ஒற்றையாய்க் கேட்கும் வாடிக்கையாளர் இவர் ஒருவர்தான். சுடச்சுட அதை வாயில் போட்டு, கண்ணை மூடி, நின்றபடியே மென்று, விரல் துடைத்த கடுதாசியை நிலத்தில் எறிகிறார். பொரிப்பவன் எடு என்று கத்துகிறான். அகஸ்ரின் குனிந்து எடுக்கிறார். எடுத்தால் என்ன, எறிந்தாயிற்று. பயிற்சியில் அந்தப் பாடம் முடிந்தது.

என்ன பயிற்சி என்று கேட்பவர்களுக்கு அவர் மிகுந்த பொறுமையோடு விளக்குவார். ஸ்பெயினின் வடகரையில், பாஸ்க் மக்களின் நாட்டில், சான் செபஸ்தியான் என்றொரு கடற்கரைப் பட்டினம் இருக்கிறது. அங்கே பொழுது சாய்ந்தால் சனம் வீட்டில் அடுப்பு மூட்டாது. ஒரு தவறணையில் நின்றபடி ஒரு வாய், அடுத்த தவறணையில் இன்னொரு வாய் என்று தெருத்தெருவாகத் தின்றுகொண்டு போகும். ஒரே இடத்தில் இரண்டாம் வாய் கேட்பவன் விபரம் தெரியாதவன். துடைத்த கடுதாசியைக் காலடியில் போட வேண்டும். எந்தத் தவறணையின் தரையில் கடுதாசி கூடக் கிடக்கிறதோ அங்கேதான் சாப்பாடு திறம். இவ்வளவையும் அங்கேயே பிறந்து, அங்கேயே பல் முளைத்தவர் மாதிரிச் சொல்லுவார். போனதில்லை. அவர் கண்ட ஸ்பெயின் முழுவதும் ஒரு சஞ்சிகையின் நடுப் பக்கங்கள் இரண்டில் அடக்கம்.

பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால், பழைய கட்டடம் ஒன்றின் நாலாம் மாடியில், நொத்தாரிசு ஒருவரின் விதவையான சிஞ்ஞோராவை, அந்த வயதான சீமாட்டியை, பார்ப்பது அவருடைய உத்தியோகம். பார்ப்பது என்றால் சமைப்பது, துடைப்பது, மருந்து கொடுப்பது, கிழட்டு நாயைக் காலையும் மாலையும் தெருவுக்குக் கொண்டுபோவது. சிஞ்ஞோராவின் வயிற்றுக்கு அவித்த சுக்கினிக் காயையும், அரிசி அளவு பாஸ்தா மிதக்கும் வெந்நீரையும் தவிர வேறொன்றும் ஒத்துவராது. வருடக்கணக்காக இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் சமைத்துவரும் மனிதர், புதிதாகக் காண்பவரிடம் தன்னை ‘குவோக்கோ’ என்றே அறிமுகம் செய்வார். பெரிய ஹொட்டேல்களில் வெள்ளைத் தொப்பி போட்ட சமையல்காரரை இத்தாலியர் அழைக்கும் சொல் அது. தொப்பி மட்டும் இவரிடம் இல்லை.

வெள்ளிக் கரண்டிகளைத் துலக்கும் நாளொன்றில் மேசையில் விரிப்பதற்கு எடுத்த பழைய சஞ்சிகைதான் அவரைக் கெடுத்தது. எழுத்தை அவர் வாசிக்கவில்லை; படத்தை ஆழ்ந்து வாசித்தார். முதல் படத்திலேயே விழுந்துவிட்டார். ஓர் ஈர்க்கு, அதில் ஓர் ஒலிவ் காய், ஒரு பச்சை மிளகாய் ஊறுகாய், இரண்டையும் சுற்றிக்கொண்டு ஓர் உப்பு நெத்தலி. இவ்வளவும்தான்.

இந்த விபரத்தை முதலில் கேட்டவர் இராஜதுரை. பல் வைத்தியர் ஒருவரின் கிளினிக்கைக் கூட்டித் துடைக்கும் யாழ்ப்பாணத்துச் சைவக்காரர்; சைவம் சமயத்தில் மட்டும், சாப்பாட்டில் அல்ல. வியாழன் பின்னேர லீவில் அகஸ்ரினோடு சேர்ந்து நடப்பவர். கேட்டதும் நடுத்தெருவில் நின்றுவிட்டார்.

“மன்னார்க் கடற்கரை முழுக்க நெத்தலி காயுது. காகமே தின்று அலுத்துப்போச்சு. அதைத் தின்னவோ காணும் நீர் ஸ்பெயினுக்குப் போறீர்?”

“அது கருவாடு. இது வேறை,” என்றார் அகஸ்ரின். “உமக்கு இருக்கிறது வாய் மட்டும். நாக்கு இல்லை. உம்மோடை கதைச்சுப் பிரயோசனமில்லை.”

இராஜதுரையைக் குறை சொல்ல முடியாது. எங்கள் சனத்துக்குப் பயணம் புதிதல்ல. கலியாணத்துக்கு ஜெர்மனி போவோம். செத்தவீட்டுக்குச் சுவிஸ் போவோம். சேலை எடுக்கப் பாரிஸ் போவோம். எங்கே போனாலும், போகிற இடத்தில் சாப்பாடு எப்படியோ என்ற பயத்தில் புட்டும் கோழிப் பொரியலும் கட்டிக்கொண்டு போவோம். சாப்பிடுவதற்கென்றே ஒருவர் எல்லை தாண்டுவது வீட்டில் அடுப்பெரியாதவன் செய்யும் வேலை. மனைவி உயிரோடு இருக்கும்போது அதைச் செய்வது, அவருடைய கறியைப் பற்றி ஊருக்கு அறிவித்தல் ஒட்டுவதற்குச் சமம்.

அகஸ்ரினின் மனைவி மரியமலர். இன்னொரு மாடியில் இன்னொரு சிஞ்ஞோராவின் வீட்டில் வேலை. அதிகம் கதைக்க மாட்டார். கதைத்தால் அதற்கு மேல்முறையீடு கிடையாது. கணவர் அவருடைய மீன் குழம்பை ஒரு வாய் வைத்துவிட்டுக் கண்ணை மூடி, “புளி முன்னுக்கு வருது, மீன் பின்னுக்கு நிக்குது” என்று தீர்ப்பளிக்கும்போது, சட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அன்று மீன் முன்னுக்கும் வராது, பின்னுக்கும் வராது.

இத்தாலிய வதிவிட அனுமதியான பெர்மெசோவைக் காட்டினால் பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் விசா வேண்டாம் என்று எல்லைகள் திறந்த வருடம், மற்றவர்கள் சொந்தக்காரரை நினைத்தார்கள். அகஸ்ரின் நெத்தலியை நினைத்தார். திட்டம் ஒன்றும் மோசமில்லை. அடுத்த வைகாசியில் பங்குக் கோயிலிலிருந்து லூர்து மாதாவிடம் பஸ் போகிறது. கப்பலில் ஜெனோவா, அங்கிருந்து தரையால் பிரான்ஸ். லூர்தில் சில நாள் தங்கல். லூர்திலிருந்து இரண்டு ரயில் மாறினால் சான் செபஸ்தியான். மற்றவர்கள் மெழுகுதிரி பிடித்துக்கொண்டு பவனி போகும் நேரத்தில் மெதுவாக நழுவி, ஓர் இரவும் ஒரு பகலும் தின்றுவிட்டு, பஸ் புறப்படுவதற்குள் கையில் செபமாலையோடு வந்து ஏறிவிடுவது.

மனைவியிடம் லூர்து என்று மட்டும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசற்கதவுக்கு அப்பால் தாண்டாத மனிதர் யாத்திரைக்கு முதல் ஆளாகப் பெயர் கொடுத்ததைப் பங்கே வியந்தது. மரியமலர் வியக்கவில்லை. நல்லது, போய்வாருங்கோ என்றார். சான் செபஸ்தியான் திட்டத்தைச் சந்தை முழுவதற்கும் கேட்கும் குரலில் அகஸ்ரின் வாரந்தோறும் விளக்கி வந்ததையும், மரியமலர் வெங்காயம் வாங்குவதும் அதே சந்தையில்தான் என்பதையும் வாசகர் தாமே சேர்த்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

இவர்களுக்கு ஒரே பிள்ளை, அமலினி. அவளை மன்னாரில் சின்னம்மாவிடம் விட்டுவிட்டு இருவரும் வெளிக்கிட்டபோது அவளுக்கு முன்பல் விழுந்திருந்தது. அது முளைத்ததை இவர்கள் போட்டோவில்தான் பார்த்தார்கள். பிள்ளையைக் கூப்பிடக் கொடுத்த விண்ணப்பம் குவெஸ்தூரா என்னும் பொலிஸ் கந்தோரில் கிடந்தது. பதினெட்டு முடிந்தால் சட்டத்தின் கண்ணில் பிள்ளை பிள்ளை இல்லை. அந்தப் பிறந்தநாள் ஆடியில் வருகிறது. இந்த விஷயத்தை மட்டும் அகஸ்ரின் சந்தையில் கதைப்பதில்லை. குவெஸ்தூரா வரிசைக்கு வெள்ளாப்பிலேயே போய் நிற்பார். அங்கே அவர் குவோக்கோ அல்ல. தொண்டையைச் செருமவும் யோசிக்கும் ஒரு மனிதர்.

பங்குனி முடிவில் அனுமதி வந்தது. இனிக் கொழும்பில் தூதரக நேர்முகம் ஒன்றுதான் பாக்கி. அதுவும் யாத்திரை பஸ் திரும்பி வந்த அடுத்த கிழமை. அன்று இரவு மரியமலர் றால் குழம்பு வைத்தார். அகஸ்ரின் கண்ணை மூடாமல், தீர்ப்பு எதுவும் சொல்லாமல், இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து இருந்தபோது மரியமலர் வாயைத் திறந்தார்.

“மாதாவுக்கு நேந்திருந்தனான். பிள்ளையின்ரை பேப்பர் சரிவந்தால், பாஸ்குத் திருநாள் கழிஞ்ச கையோடை நீங்கள் மச்சத்தை விட்டு, லூர்துக்குப் போய்த் திரும்பி வீட்டு வாசல்படி ஏறுமட்டும் தொடமாட்டியள் எண்டு. மாதா தன்ரை பக்கத்தைச் செய்துபோட்டா.”

“நேந்தது நீ. மச்சம் விடுறது நானோ?”

“லூர்துக்குப் போறது நானில்லையே.”

எங்கள் நேர்த்திகளில் இது வழக்கம்தான். நேர்பவர் ஒருவர், மொட்டையடிப்பவர் வேறொருவர். அகஸ்ரின் வாதாடிப் பார்க்க விரும்பினார். ஆனால் எதிர்த்தரப்பில் இருப்பது மனைவி மட்டும் அல்ல. நேர்முகம் முடியும் வரைக்கும் மாதாவைப் பகைக்கலாமா என்று ஒரு பக்கமும், சஞ்சிகையின் நடுப் பக்கம் மறுபக்கமும் நின்று இழுக்க, இரண்டு நாள் சிஞ்ஞோராவின் பாஸ்தா வெந்நீருக்கு உப்புப் போட மறந்தார். சிஞ்ஞோரா அப்போதுதான் சமையல் நன்றாக இருக்கிறதென்று பாராட்டினாராம்.

மூன்றாம் நாள் அவருக்கு ஒரு வழி தோன்றியது. பங்குச் சுவாமியாரிடம் போனார். சுவாமியார் சிசிலியர். வெள்ளிக்கிழமை ஒறுத்தலுக்கு வாளை மீனைப் பொரித்து வைத்துக்கொண்டு செபம் சொல்லும் நாட்டார். மீன் சாப்பிடலாமா என்று ஒரு மனிதர் நெற்றி வேர்க்க வந்து கேட்டதை அவர் முதலில் நம்பவில்லை. ஒறுத்தல் என்றால் இறைச்சி. மீனுக்கு என்ன தடை, தாராளமாகச் சாப்பிடு மகனே என்று ஆசீர்வதித்து அனுப்பினார். அகஸ்ரின் படியேறி வந்த வேகத்தைக் கீழ்வீட்டுக்காரர் இன்றும் சொல்லுவார். திருச்சபையே சொல்லிவிட்டது என்று மனைவிக்கு முன்னால் நின்றார்.

மரியமலர் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார்.

“பெரிய வெள்ளியிலை உங்கடை வீட்டிலை மீன் காய்ச்சினவையோ?”

காய்ச்சவில்லை. மன்னாரில் யார் வீட்டிலும் காய்ச்சுவதில்லை. கடலுக்குப் போன தகப்பன்மார்கூட அன்று பருப்புத்தான் தின்றார்கள்.

“நான் நேரேக்கை மாதாவுக்கு விளங்கினது எங்கடை மச்சம். மீன், இறைச்சி, முட்டை, கருவாட்டுத் தூள் எல்லாம் அதுக்குள்ளை வரும். சுவாமியாருக்கு விளங்கிறது சுவாமியாரின்ரை மச்சம். பிள்ளைக்கு நேந்தது சுவாமியாரோ, நானோ?”

திருச்சபை தோற்றது.

பிறகு வந்த கிழமைகளில் அகஸ்ரின் சஞ்சிகையைச் சைவக் கண்ணோடு மறுவாசிப்புச் செய்தார். காளான் இருக்கிறது என்று மகிழ்ந்து உற்றுப் பார்த்தால் காளானின் தலையில் ஒரு றால் குந்தியிருந்தது. கத்தரிக்காய் என்று நினைத்தது மீனின் தாடைச் சதையாக முடிந்தது. மிளகாய் வறுவலை நம்பினார். அதன் ஓரத்தில் பன்றித்தொடைச் சீவல் நாக்கை நீட்டிக்கொண்டு கிடந்தது. பாஸ்க் மக்கள் தனியாக விட்ட மரக்கறி ஒன்றுகூட அந்த இரண்டு பக்கத்தில் இல்லை. வேறு யாராவதாக இருந்தால் லூர்தோடு நின்றிருப்பார்கள். இராஜதுரையும் அதைத்தான் சொன்னார். அகஸ்ரின் அவரை இரக்கத்தோடு பார்த்தார். இவ்வளவு பயிற்சிக்குப் பிறகு போகாமல் விடுவதா?

பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு, இராஜதுரை வேறு விதமாகத் தெரியத் தொடங்கினார்.

“நீரும் வாரும் காணும். உமக்கு நேர்த்தி ஒண்டும் இல்லைத்தானே.”

மாதாவின் பஸ்ஸில் சைவக்காரர் ஏறுவது எங்களுக்குப் புதினமல்ல. ஊரில் மடு மாதா கோயிலுக்கும் அப்படித்தான் போனார்கள். தனக்கு வெள்ளிக்கிழமை விரதம் என்று மட்டும் இராஜதுரை முனகினார். சான் செபஸ்தியானில் இறங்குவது சனிக்கிழமை என்று அகஸ்ரின் அந்த நிமிடமே நாளை மாற்றினார். ஆனால் நாக்கில்லாத வாயை அப்படியே கொண்டுபோக முடியாது. அதைப் பழக்க வேண்டும். பாஸ்கு முடிந்து நேர்த்தி தொடங்கியது. வியாழக்கிழமைகளில் இராஜதுரைக்கு வகுப்பும் தொடங்கியது. மண்ணீரல் பாண், சுட்ட குடல், மத்திப் பொரியல் என்று அவர் ஒவ்வொரு தள்ளுவண்டியிலும் தின்றார். அகஸ்ரின் கைகட்டி நின்று விளங்கப்படுத்தினார். இராஜதுரையின் இடுப்புப் பட்டி இரண்டு துளை பின்னுக்குப் போனது.

புறப்படுவதற்கு முந்திய வியாழன் இறுதிச் சோதனை. வுச்சீரியாச் சந்தையில், ஈரக் கற்கள் மினுங்கும் சந்துக்குள், எட்டுக்கால் பேய்க்கணவாயைப் பெரிய கிடாரத்தில் அவித்து வெட்டிக் கொடுக்கும் இடம். அகஸ்ரின் தட்டை வாங்கி, ஆவியை முகத்தில் ஏந்தி, தேசிக்காயைத் தானே பிழிந்து, தடித்த துண்டொன்றைப் பொறுக்கி இராஜதுரையின் வாயருகே நீட்டினார்.

“கெதியா விழுங்காதையும். முதல் இடப் பக்கத்தாலை.”

இராஜதுரை மென்றார்.

“உப்பு முதல் வருதோ, இனிப்பு முதல் வருதோ?”

“தெரியேல்லைக் காணும். றப்பர் மாதிரிக் கிடக்கு.”

“இன்னும் மெல்லும். உள்ளுக்கு இருக்கு.”

கடைக்காரன் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தான். இராஜதுரை இடப்பக்கம் மென்றார், வலப்பக்கம் மாற்றினார், நெற்றியைச் சுருக்கினார், தலையை மெல்ல ஆட்டினார். அகஸ்ரின் அவருடைய வாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவருடைய சொந்தத் தாடையும், இறுக மூடிய உதட்டுக்குப் பின்னால், இடப்பக்கம் அசைந்தது, வலப்பக்கம் மாறியது. இராஜதுரை விழுங்கினார். அகஸ்ரினின் தொண்டைக்குழி ஏறி இறங்கியது.