மூன்று ஞாயிறு வாய்மூடி இருந்தேன்

செவ்வாயன்று ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் பிலோமினா நின்றாள். எங்கள் மயிலாப்பூர் தெருவில் வளர்ந்த பெண். வயது இருபத்தொன்று. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பாதி உடம்பாகிவிட்டாள்.

"மாமா, நான் பேசறது கேக்குதா?"

"நல்லாக் கேக்குதேம்மா."

"வூட்ல கேக்கறதில்ல. அதான் சந்தேகம் வந்துடுச்சி."

வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று சிரித்துவைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

புருஷன் சவரிமுத்து என்னோடு வேலை பார்க்கும் வாத்தியார். குடிப்பதில்லை, அடிப்பதில்லை. பேசமாட்டான்... அவ்வளவுதான். ஒருநாள் மீன் குழம்பில் உப்பு தூக்கலாகிவிட்டது. அன்றோடு பேச்சு நின்றது. ஐந்து மாதமாகிறது. காபி வேண்டுமென்றால் தம்ளரைத் தரையில் தட்டுவானாம்.

பிறந்த வீட்டில் போய் அழுதாளாம். "அடிக்கல, குடிக்கல... உனக்கு இன்னாடி கொறை?" என்றாளாம் தாய். டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று டானிக் எழுதியிருக்கிறார். இந்த வயசுப் பெண்கள் இப்படித் துரும்பாகிப் போவதற்கு வேறென்ன எழுதுவார், பாவம்?

பெண் கொடுக்கும்போது எதைத்தான் விசாரிக்காமல் விடுகிறோம்? சம்பளம், சாராயம், சொந்த வீடு... வாயைத் திறந்து பேசுவானா என்று ஒருவராவது கேட்டதுண்டா?

எனக்குத் தெரியும் என்பதுதான் வயிற்றெரிச்சல். குடையை நகர்த்தி வைத்தார் என்பதற்காக டிராயிங் மாஸ்டரோடு இரண்டு வருஷம் பேசாதவன் அவன். மூவரும் ஒரே அறையில்தான் உட்கார்ந்திருந்தோம்.

எங்கள் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்பார் சாமியார். இவர்கள் ஓலைக்கு மூன்று வாரமும் நான் கோயிலில்தான் இருந்தேன். முன்பே மனைவி இருந்தால் தடை. நெருங்கிய உறவென்றால் தடை. குணம் சரியில்லை என்பது தடையா? சாமியார் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் அவள் அப்பாவிடமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் என்னோடும் பேசமாட்டானே என்று பயந்தேன். கேவலம், அவ்வளவுதான் காரணம்.

இனி என்ன செய்ய? கோயிலில் கட்டிய தாலி. சாகும்வரை அவள் அந்த வீட்டில்தான்.

வரிசை நகர்ந்தது. அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"அவரோட ஒரே ரூம்லதானே மாமா ஒக்காந்திருந்தீங்க? ஓலை வாசிக்கும்போதும் கோயில்ல இருந்தீங்க. உங்களுக்குத் தெரியாதா?"

நான் பதில் சொல்லவில்லை. அவளுக்குத்தான் அது பழகிப்போயிற்றே.