ஊறாத்துறையில் ஒரு விசைப்படகு

சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது என்று நான் சொன்னபோது என் கணவர் முற்றத்தில் குந்தியிருந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். பொத்தித் தைப்பதற்கு அதில் ஒன்றும் மிஞ்சவில்லை. முதல்நாள் இரவு இந்திய றோலர் படகுகள் இழுத்துக்கொண்டு போனதில் கிடைத்தது கிழிந்த துண்டுகள்தான். மிதவைகளையும் ஈயத்தையும் மட்டும் அறுத்தெடுத்து ஒரு உரப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். அந்த வருடத்தில் அது இரண்டாவது தரம்.

எங்கள் ஊர் ஊர்காவற்றுறை. எழுத்தில்தான் அப்படி, வாயில் ஊறாத்துறை. நான் அங்கிருந்து ஒவ்வொரு நாளும் பஸ் பிடித்து, பண்ணைப் பாலம் கடந்து, யாழ்ப்பாண நகரத்தில் ஒரு மென்பொருள் அலுவலகத்துக்குப் போய்வந்தேன். நானும் கடற்றொழில் செய்கிற வீட்டில் பிறந்தவள்தான். படித்து முடித்துவிட்டுக் கடலுக்குப் போகிறவரைக் கட்டியதில் என் வீட்டுக்குக் கொஞ்சம் மனக்குறை இருந்தது. அது போகப்போகக் குறைந்துவிட்டது. பிள்ளைகள் இன்னும் பிறக்கவில்லை. அந்த மாதம் யாழ்ப்பாண அலுவலகத்தை மூடுவதென்று தீர்மானித்தார்கள். வரக்கூடியவர்கள் சென்னைக்கு வரலாம் என்றார்கள்.

"நீர் என்ன சொன்னனீர்?" என்று கேட்டார், தலையை நிமிர்த்தாமல்.

"யோசிச்சுச் சொல்லுறன் எண்டனான்."

"அதிலை யோசிக்க என்ன இருக்கு? போவம்."

"போவம் எண்டால்? நீங்களும் வாறியளோ?"

"இஞ்சை இருந்து நான் எதை இழுக்கிறது?"

அவருடைய தாய் குசினிக்குள் அடுப்படியில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "வலையை அறுக்கிறவன்ரை ஊருக்கே வேலைக்குப் போறியளோ?" மாமி அதற்குப் பிறகு அதைப்பற்றிக் கதைக்கவில்லை. புறப்படும் நாளில் எங்கள் இருவர் நெற்றியிலும் சிலுவை அடையாளமிட்டு அனுப்பிவைத்தார்.

பலாலியிலிருந்து விமானம் ஏறினோம். அவருக்கு யன்னலோரக் கதிரையைக் கொடுத்தேன். முழுக்கக் கடலையே பார்த்துக்கொண்டு வந்தார். மறுகரை தெரியத் தொடங்கியதும், "இவ்வளவுதானோ தூரம்?" என்றார்.

சென்னையில் எனக்கு நாட்கள் வேகமாகப் போயின. வெளிநாட்டு மருத்துவமனைகளில் நோயாளரைப் பதிகிற மென்பொருள் ஒன்றை எங்கள் குழு எழுதிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் எழுதுவதைச் சரிபார்த்துச் சேர்ப்பது என் பொறுப்பு. காலையில் வெளிக்கிட்டால் திரும்பி வர இருட்டிவிடும். அவருக்குக் கிடைத்த விசாவில் வேலை செய்ய அனுமதியில்லை. சமைத்தார், துவைத்தார், வீட்டைத் துடைத்தார். எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் வேறு மாடிகள்தான் தெரியும். பின்னேரங்களில் பஸ் எடுத்துக் கடற்கரைக்குப் போய், அங்கே ஏற்றி வைத்திருக்கிற படகுகளுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டு வருவார். கடையில் வாய் திறந்தால், "நீங்க கேரளாவா?" என்று கேட்பார்கள். முதலில் சிரித்துச் சிரித்து விளக்கம் சொன்னார். பிறகு விரலால் காட்டிச் சாமான் வாங்கப் பழகிவிட்டார். வீட்டிலிருந்து நான் வேலை செய்கிற நாட்களில், கூட்டத்தில் இருப்பவர்களுக்குச் சத்தம் கேட்கக்கூடாதென்று பாத்திரத்தைக்கூட மெதுவாக வைப்பார். ஊரில் அவர் குரல் தெருத் தாண்டி அடுத்த ஒழுங்கைக்குக் கேட்கும்.

அலுவலகத்தில் என் பக்கத்து மேசையில் ஒரு இளைஞன் இருந்தான். நாகப்பட்டினத்துப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்தவன். வந்த நாளிலிருந்தே என்னை "அக்கா" என்றுதான் கூப்பிட்டான். கவனமான வேலைக்காரன், அவன் எழுதியதில் திருத்துவதற்கு அதிகம் இருக்காது. ஆனால் ஒரு கிழமை அவன் எழுதிய பகுதி, ஒரே நோயாளரை இரண்டு பேராகப் பதியத் தொடங்கியது. அப்படியான பிழை விடுகிறவன் அல்ல அவன். கதிரையை இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் இருந்தேன். திரையில் கோட் திறந்திருந்தது. அவன் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன நடந்தது?"

"அப்பா போட்டு பிடிபட்டிருச்சுக்கா. எல்லை தாண்டிட்டாங்கன்னு. அப்பாவும் ஆளுங்களும் யாழ்ப்பாணம் ஜெயில்ல இருக்காங்க."

தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு அவனுடைய பகுதியை நானே திருத்தினேன்.

சில கிழமைகளில் தகப்பனும் மற்றவர்களும் விடுதலையாகி வீடு வந்து சேர்ந்தார்கள். படகு வரவில்லை. ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரம் அவன் கேட்டான்: "அக்கா, போட்டு ஊர்க்காவல்துறைல கட்டிக் கெடக்காம். அது உங்க ஊருக்குக் கிட்டவா, தூரமா?"

"அதுதான் என்ரை ஊர்."

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். கைபேசியில் ஒரு படத்தைத் திறந்து காட்டினான். நீல நிற விசைப்படகு, கூரான முன்னணியத்தில் மாலை, அதன்மேல் பள்ளிக்கூடச் சட்டையோடு அவன். "இதுலதான்க்கா நான் படிச்சேன்" என்றான்.

அவன் விசைப்படகு என்பதும் நாங்கள் றோலர் என்பதும் ஒன்றுதான். படத்தில் அது அழகாக இருந்தது. உள்ளதைச் சொல்லாமல் அவனோடு தொடர்ந்து சாப்பிட எனக்கு ஏலாமல் இருந்தது.

"என்ரை அவர் கடற்றொழில்தான் செய்தவர். ஊறாத்துறையிலைதான்."

அவனுக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. "அப்ப… வலை?"

"ஓம். போன வருசம் ரெண்டு தரம்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு நாங்கள் எழுந்து கைகழுவிவிட்டு வேலைக்குப் போனோம். இரண்டு நாள் அவன் மதியச் சாப்பாட்டுக்கு வேறு மேசைக்குப் போனான். மூன்றாம் நாள் வந்து, "அண்ணனைப் பாக்கணும்க்கா, வீட்டுக்கு வரலாமா?" என்று கேட்டான்.

நான் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டி முடித்துக் கத்தியைக் கழுவினார். பிறகு, "வரட்டும். சாப்பிட்டுப் போகட்டும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். பழங்கள் கொண்டுவந்திருந்தான். எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். என் கணவர் வாங்கி உள்ளே வைத்துவிட்டு, "இரும் தம்பி" என்றார். புட்டும் மீன்குழம்பும் சமைத்திருந்தார். குழம்பு நன்றாக இருக்கிறது என்று அவன் சொன்னான்.

"அண்ணே, எங்கப்பா வேணும்னு செய்யறவர் இல்ல."

"எனக்கும் தெரியும் தம்பி. ஆரும் வேணுமெண்டு செய்யிறேல்லை. விடியப் போய்ப் பார்த்தால் வலை இல்லை, அவ்வளவுதான்."

"எங்க பக்கம் மீனே இல்லண்ணே. அடியோட வழிச்சாச்சு."

"ஓம். இப்ப எங்கடையையும் வழிக்கிறியள்."

சொன்ன குரலில் சூடு இல்லை. ஆனாலும் அவன் முகம் சுருங்கிப்போனது. நான் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன். அவன் தட்டைப் பார்த்தபடியே சொன்னான்: "திருப்பித் தருவாங்கன்னு அப்பாவுக்கு நம்பிக்கையில்ல. போட்டு மிதக்குதான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்கிறாரு. தூங்க மாட்டேங்கிறாரு."

"நத்தாருக்கு, கிறிஸ்மஸுக்கு, ஊருக்குப் போறம். பார்த்துச் சொல்லுறன்" என்றார் என் கணவர்.

அவன் போன பிறகு கேட்டேன்: "உங்களுக்குக் கோவம் இல்லையோ?"

"ஏன் இல்லை? அதுக்காக வந்த பெடியனுக்குச் சோறு போடாமல் விடுறதோ?" கோப்பைகளை எடுத்து அடுக்கினார். பிறகு, "அவன் வேலை நல்லாச் செய்வானோ?" என்றார்.

"நல்லாச் செய்வான்."

"ம். அவனுக்கு அந்த வேலையாவது மிஞ்சட்டும்."

நத்தாருக்கு ஊருக்குப் போனோம். திருநாள் பூசை முடிந்த அடுத்த நாள், மழை விட்ட நேரம் பார்த்து, இருவரும் கரைக்கு நடந்தோம். பிடிபட்ட படகுகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டியிருந்தார்கள். நான் யாழ்ப்பாணத்துக்கு வேலைக்குப் போன காலத்தில் பஸ் யன்னலால் அவற்றைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடு இருக்கும் என்று நினைத்ததில்லை. நிறம் உரிந்து, பலகை விரிந்து, கட்டிய கயிறுகளில் பாசி தொங்கியது. வாடைக்காற்று அடிக்கிற ஒவ்வொரு தரமும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

அங்கே வள்ளத்திலிருந்து தண்ணீர் இறைத்துக்கொண்டு நின்ற ஒருவர் என் கணவரோடு முன்பு கடலுக்குப் போனவர். "என்ன தேடுறாய்?" என்று கேட்டார்.

"ஒரு போட். தெரிஞ்ச பெடியன் ஒருத்தன்ரை தகப்பன்ரை."

அந்த மனிதர் இறைப்பதை நிறுத்தினார். "ஒரு வருசம் அங்கை இருந்தவுடனை எங்களை அறுத்தவன் தெரிஞ்ச ஆளாயிட்டானோ?"

என் கணவர் கட்டியிருந்த படகுகளை நோக்கி நடந்தார். அந்த வார்த்தை அவருக்கு வலித்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த மனிதர் சொன்னதில் பிழை இருக்கிறது என்றும் எனக்குச் சொல்ல ஏலாது. அவருடைய வலையும் போனதுதான்.

நாங்கள் தேடியது கடைசியில் நின்றது. பின்பக்கம் முழுக்கத் தண்ணீருக்குள் போயிருந்தது. முன்னணியம் மட்டும் சரிந்து வெளியே தெரிந்தது. நீலம் வெளிறிவிட்டது, ஆனால் இளைஞன் சொல்லியனுப்பிய பதிவிலக்கத்தை வாசிக்க முடிந்தது. நான் கைபேசியை எடுத்தேன்.

"படம் வேண்டாம்" என்றார். "இதைப் படத்திலை பார்க்கக்கூடாது. நான் சொல்லுறன்."

இளைஞனை அழைத்து, தகப்பனின் தொலைபேசி இலக்கத்தை வாங்கினோம். காற்றில் கேட்காது என்று ஒலியைக் கூட்டிப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, நான் ஊறாத்துறையிலையிருந்து கதைக்கிறன். உங்கட போட்டைப் பார்த்தனான்."

"சொல்லுங்க தம்பி."

"பின்பக்கம் தண்ணிக்குள்ளை தாண்டு போச்சு ஐயா. இனி எழும்பாது."

மறுபக்கத்தில் யாரோ ஒரு பெண் என்ன என்ன என்று கேட்பது கேட்டது. "இன்ஜின்?" என்றார் பெரியவர்.

"அதுவும் தண்ணிக்குள்ளைதான்."

"சரி தம்பி." பிறகு, "பையன் எல்லாஞ் சொன்னான். உங்க வலைய அறுத்தது நாங்கதானான்னு எனக்குத் தெரியாது. நாங்களாவும் இருக்கலாம்" என்றார்.

"ஓம் ஐயா. இருக்கலாம்."

இருவரும் தொலைபேசியை வைக்கவில்லை. ஒருவர் மற்றவரிடம் மன்னிப்புக் கேட்கவுமில்லை, கொடுக்கவுமில்லை. கடைசியில் அந்தப் பெரியவர்தான் பேச்சை மாற்றினார்: "காத்து பலமா இருக்கே. நாளைக்குத் தொழிலுக்குப் போறீங்களா?"

"நான் இப்ப போறேல்லை ஐயா."

"ஏன் தம்பி?"

அவர் என்னைப் பார்த்தார். மனைவிக்குச் சென்னையில் வேலை என்று சொல்லியிருக்கலாம். "வலை இல்லை" என்றார்.

நாங்கள் சென்னைக்குத் திரும்பிப் போவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, பெட்டியில் என் உடுப்புகளை மட்டும் அடுக்கி வைத்திருந்ததைக் கண்டேன்.

"நான் நிக்கப்போறன். நீர் போய் வாரும்."

"நான் அங்கை தனியவோ?"

"நான் அங்கை இருந்தால் மட்டும்? நீர் வேலைக்குப் போவீர். நான் கதவைப் பார்த்துக்கொண்டு இருப்பன். அங்கை நான் ஆளே இல்லையப்பா."

நான் அழுதேன். வேலையை விடுகிறேன் என்றும் சொன்னேன். அவர் அதற்குச் சம்மதிக்கவில்லை. "நீர் விட்டிட்டு வந்தால், பிறகு நாங்கள் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பம்" என்றார். அதுவும் உண்மைதான். என் சம்பளத்தில் வலை வாங்குவது என்று முடிவாயிற்று. வலை வந்த அன்று மாமி பங்குத்தந்தையைக் கூப்பிட்டுச் செபித்து மந்திரிக்கச் செய்தாராம்.

இப்போது நான் சென்னையில் தனியே இருக்கிறேன். லீவு கிடைக்கிறபோது போகிறேன். கடல் கொந்தளிக்கிற மாதங்களில் அவர் வருவார்.

போன தையில் அந்த இளைஞனுக்குக் கல்யாணம். குழுவில் எல்லோருமாக அவனுடைய ஊருக்குப் போனோம். பந்தல் வாசலில் வந்தவர்களை வரவேற்றுக்கொண்டு நின்ற தகப்பன், நான் வாய் திறந்ததுமே ஆளை அறிந்துகொண்டார். மெலிந்த மனிதர். கைகளைக் குவித்தார்; பிறகு அவற்றை எங்கே விடுவதென்று தெரியாமல் சால்வையைச் சரிசெய்தார்.

"தம்பி வரலையாம்மா?"

"தொழிலுக்குப் போறார் ஐயா. விட்டிட்டு வர ஏலாமல் போச்சு."

"போறாரா? நல்லது. நல்லதும்மா." தன் மனைவியைக் கூப்பிட்டார். "ஊர்க்காவல்துறைலேர்ந்து வந்திருக்காங்க. பக்கத்துல உக்கார வச்சுக்க."

அந்த அம்மா என் கையை விடவே இல்லை. பந்தியில் எனக்குப் பரிமாறச் சொல்லிச் சொல்லி ஆட்களை அனுப்பினார். அவருடைய புருஷன் இப்போது யாருடைய படகில் போகிறார், எந்தப் பக்கம் போகிறார் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கல்யாண வீட்டில் அதைக் கேட்க முடியவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

அன்று பின்னேரம், திரும்புகிற வான் வண்டிக்குக் காத்திருந்தபோது என் கணவரைத் தொலைபேசியில் அழைத்தேன். கல்யாணம் எப்படி நடந்தது, பெண் எந்த ஊர், என்ன சாப்பாடு என்று எல்லாம் கேட்டார். பிறகு, "தகப்பன் இப்ப என்ன செய்யிறாராம்?" என்றார்.

"நான் கேக்கேல்லை."

"ம். கேக்காமல் விட்டது நல்லம்."

அவருக்குப் பின்னால் எஞ்சினைத் தோளில் வைத்துக்கொண்டு வருகிறவர்களின் சத்தம் கேட்டது. அவரை யாரோ கூப்பிட்டார்கள்.

"எழுவைதீவுப் பக்கம் நேற்று றோலர் வெளிச்சம் கண்டவையாம்" என்றார். "இண்டைக்குக் கரைக்குக் கிட்டத்தான் வலை விடுவன். போனை வைக்கட்டோ?"

"கவனம்" என்றேன்.