பி.எஸ்ஸி. துரைக்குக் கிடைத்த பத்து மார்க்

ஆண்டர்சன்பேட்டையில் இருபத்தெட்டு வருஷமாகக் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஊரில் பெயரை விடப் பட்டம் முக்கியம். மாப்பிள்ளை பெயரில் எழுத்துப்பிழை விட்டால் மன்னித்துவிடுவார்கள். சித்தப்பாவின் டிப்ளமோவை விட்டால் பந்தியில் எனக்கு இலை விழாது.

இப்படி நான் பட்டம் போட்டுப் போட்டே பெரிய மனிதராக்கியவர்களில் முதல் ஆள் துரையண்ணன். அவருடைய உறவில் எந்தக் கல்யாணப் பத்திரிகையாக இருந்தாலும் ‘திரு. துரை, பி.எஸ்ஸி.’ என்று ஒரு வரி இருக்கும். ஊரே அவரை பி.எஸ்ஸி. துரை என்றுதான் கூப்பிடும். அவரும் அதற்குத் தகுந்த மாதிரிதான் பேசுவார். பெங்களூரில் ஒரு போல்ட் கம்பெனியில் ஸ்டோர் சூப்பர்வைசர். தினமும் ஊரிகத்தில் காலை ரயில் ஏறி உட்கார்ந்ததும், “சயின்ஸ் படி பாத்தா...” என்று ஆரம்பிப்பார். சயின்ஸ் படி பார்த்தால் ரசத்தில் புளி கடைசியில்தான் போட வேண்டும் என்று சொல்லி ஒரு பெட்டி முழுக்க நம்ப வைத்தவர் அவர்.

அந்த பி.எஸ்ஸி. பொய் என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். காலேஜில் அவர் எனக்கு சீனியர். நான் முதல் வருஷத்திலேயே தப்பித்து அச்சகத்துக்கு வந்துவிட்டேன். அவர் தப்பிக்கவில்லை. மூன்றாம் வருஷ ஒளியியல் பேப்பரில் மாட்டிக்கொண்டார். பதினோரு தடவை எழுதினார். பாஸ் மார்க் முப்பத்தைந்து. அவர் முப்பத்துமூன்று வாங்குவார், இருபத்தொன்பது வாங்குவார், மூன்று தடவை முப்பத்துநாலு கூட வாங்கினார். அப்புறம் எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தை, மைன்ஸை, மூடினார்கள், அவர் பெங்களூருக்கு வேலைக்குப் போனார். ‘எப்படியும் பாஸாகிவிடுவேன்’ என்று முன்கூட்டியே போட்ட பட்டம் அப்படியே நின்றுவிட்டது.

இத்தனை வருஷம் யாரும் கேட்கவில்லை. போன வருஷம் அவர் மகள் சுனிதாவுக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை அனில் தங்கமான பையன். சிக்கல் மாப்பிள்ளையின் அப்பா சிவகுமார். ரிட்டயரான பிறகு பேத்தமங்களாவில் வீடு கட்டிக்கொண்டு வந்தவர். எங்கிருந்து ரிட்டயரானார்? துரையண்ணனைப் பதினோரு தடவை கவிழ்த்த அதே யூனிவர்சிட்டியின் பரீட்சைப் பிரிவிலிருந்து. வாசலில் பெயர்ப் பலகை: ‘சிவகுமார், எம்.ஏ.’

பெண் பார்க்க வந்த அன்று நானும் இருந்தேன். சிவகுமார் வடையைப் பிட்டுக்கொண்டே கேட்டார்.

“சம்மந்தி நம்ம யூனிவர்சிட்டியாமே! எந்த வருஷம் பாஸு? ரெஜிஸ்டர் நம்பர் சொல்லுங்க. பழைய ஆபீஸ்ல லெட்ஜர் எல்லாம் அப்படியே இருக்குது. சும்மா ஒரு ஆசைக்குப் பாத்து சொல்றேன்.”

துரையண்ணனுக்குப் புரையேறிவிட்டது. மூன்று டம்ளர் தண்ணீர் குடித்து, “தேடிப் பாத்து சொல்றேன் சம்மந்தி” என்றார். மறுநாள் காலை என் அச்சகத்தில் வந்து உட்கார்ந்தபோது அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

“மனோகரு, பத்திரிகையில என் பேருக்குப் பின்னால இன்னா போடுவே? போட்டா பொய்யன். போடலன்னா, இத்தினி வருஷம் பொய்யன். பொண்ணு கல்யாணத்துல சபைக்கு முன்னாடி எப்படிடா நிப்பேன்?”

குருட்டு அதிர்ஷ்டம் என்பார்களே, அது அந்த மாதமே வந்தது. பழைய அரியர் உள்ளவர்கள் எல்லோரும் ஒரே ஒரு தடவை எழுதிக்கொள்ளலாம் என்று யூனிவர்சிட்டி ஸ்பெஷல் சான்ஸ் அறிவித்தது. துரையண்ணன் கம்பெனிக்கு லீவு போட்டு ஓடினார். கவுன்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்து, பழைய சிலபஸ் ஒளியியலுக்கு இதுவரை அவர் ஒருவர்தான் என்று சொல்லி அனுப்பினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சம்மந்தி வீட்டுக்குப் போனவர், பக்கத்து வீட்டுப் பையனுக்காகக் கேட்பது போல மாடரேஷன் என்றால் என்ன என்று கேட்டிருக்கிறார். சிவகுமாருக்குக் கரும்பு தின்னக் கூலியா?

“பேப்பர் கஷ்டமா வந்துட்டா மொத்தமா விழுவாங்க இல்ல? போர்டு உக்காந்து எல்லாருக்கும் சராசரி பாக்கும். நாப்பதுக்குக் கீழ போச்சுன்னா, எவ்ளோ குறையுதோ அவ்ளோ எல்லாருக்கும் ஏத்தும். எட்டு மார்க் வரைக்கும்தான். உங்க ஊரு மைன்ஸ்ல ஆளுங்கள எறக்கி ஏத்தற கேஜ் மாதிரின்னு வெச்சுக்கங்க. உள்ள நிக்கறவன் நல்லா வேல செஞ்சானா, தூங்கினானான்னு பாக்காது. ஷிப்ட் முடிஞ்சா எல்லாரையும் ஒண்ணா மேல தூக்கிக்கினு வரும்.”

“எழுதனதே ஒருத்தன்தான்னா, சம்மந்தி?”

“அப்போ அவன்தான் சராசரி!”

துரையண்ணன் பேத்தமங்களாவிலிருந்து பஸ் பிடித்து நேராக அச்சகத்துக்கு வந்து, மை காயாத பத்திரிகைகள் மேலேயே கையை ஊன்றினார்.

“மனோகரு! நான்தான்டா சராசரி!”

இருபத்தேழு வாங்கினால் போதும், எட்டு சேர்த்து முப்பத்தைந்து. இதுவரை இருபத்தெட்டுக்குக் கீழே அவர் இறங்கியதே இல்லை. அன்றோடு புத்தகத்தை மூடிவிட்டார். அதிகம் படித்தால் சராசரி ஏறிவிடும் என்று எனக்கே விளக்கம் வேறு சொன்னார்.

பரீட்சையன்று துணைக்கு நானும் போனேன். ஊரிகத்தில் ரயில் ஏறினோம். எதிர் சீட்டில் சரோஜா மிஸ் உட்கார்ந்திருந்தார். ஆண்டர்சன்பேட்டையில் பாதிப் பிள்ளைகள் சயின்ஸில் பாஸாவதே அவருடைய டியூஷனால்தான். மடியில் ஒரு ஹால் டிக்கெட். துரையண்ணன் எட்டிப் பார்த்தார். ஒளியியல், பழைய சிலபஸ்.

“மிஸ்... நீங்க எப்படி?”

“கடைசி பரீட்சை அன்னைக்கு எனக்கு அம்மை போட்டுட்டுதுண்ணா. அப்புறம் எழுதவே முடியல. இப்போதான் சான்ஸ் வந்துச்சு. கடைசி நாள்ல அப்ளிகேஷன் போட்டேன்.”

துரையண்ணன் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். மிஸ் எழுபது வாங்குவார். இவர் முப்பது. சராசரி ஐம்பது. கேஜ் மேலே வராது.

மாலூர் தாண்டுவதற்குள் பேரமே ஆரம்பித்துவிட்டது.

“மிஸ், தப்பா நெனக்காதீங்க. நீங்க ஒரு முப்பதோட நிறுத்திக்கிறீங்களா? நானும் முப்பது. எட்டு எட்டு ஏத்துவாங்க. ரெண்டு பேரும் பாஸு.”

சரோஜா மிஸ்ஸுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இன்னாண்ணா பேசறீங்க? கரெக்டா முப்பது வாங்கணும்னா எழுபதுக்குப் படிச்சத விட ஜாஸ்தி படிக்கணுமே!”

“பாதியில எழுந்து வந்துடுங்க. போதும்.”

“பசங்களுக்கு முப்பது வருஷமா இன்னா சொல்லிக்கினு இருக்கறேன்? தெரிஞ்சத விடாம எழுதுங்கடான்னு. நான் மட்டும் தெரிஞ்சத எழுதாம வரணுமா? முடியாதுண்ணா. வேணும்னா என் எலுமிச்ச சாதம் பாதி எடுத்துக்கங்க.”

துரையண்ணன் எலுமிச்சை சாதத்தை வாங்கித் தின்றார். தின்றாரே தவிர, கன்டோன்மென்ட் ஸ்டேஷன் வரைக்கும் என் காதில் மிஸ்ஸைத் திட்டிக்கொண்டே வந்தார். எனக்கோ அவர் மேல்தான் கோபம். மூன்று மாதம் படித்திருந்தால் இந்தக் கெஞ்சல் தேவைப்பட்டிருக்குமா?

மூன்று மணி நேரம் கழித்து இருவரும் வெளியே வந்தார்கள். மிஸ் கடுகடுவென்று வந்தார்.

“எட்டாவது கேள்வி நம்ம பேப்பரே இல்லண்ணா! பூமிக்குள்ள ஆழமா போனா புவியீர்ப்பு எப்படி மாறும்னு கேட்டிருக்கான். அது முதல் வருஷப் பாடம். நான் தொடவே இல்ல. ஹால் சூப்பர்வைசர்கிட்ட புகார் எழுதிக் குடுத்துட்டு வந்தேன்.”

துரையண்ணன் முகத்திலோ பத்து வருஷம் குறைந்திருந்தது.

“அது ஒண்ணுதான் மிஸ் நான் நல்லா எழுதனேன். நாலு பக்கம்!”

“நாலு பக்கம் இன்னா எழுதனீங்க?”

“எங்கப்பா மைன்ஸ்ல எறங்கிப் போன லெவல் வரைக்கும் எழுதனேன். ஆழம் போகப் போக புவியீர்ப்பு ஏறும். எப்படின்னா, கீழ போறப்போ அப்பா பாட்டு பாடிக்கினு போவாரு. ஷிப்ட் முடிஞ்சு மேல வர்றப்போ கால எடுத்து வெக்கவே முடியாது. அதான் ப்ரூஃப். கேஜ் படம் போட்டேன். உள்ள அப்பா, தலையில லேம்ப், கையில டிபன் பாக்ஸ். டிபன் பாக்ஸுக்கு அம்புக்குறி போட்டு ‘எடை’ன்னு எழுதனேன்.”

சரோஜா மிஸ் திரும்பும் வழியில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

ஒன்றரை மாதம் கழித்து ரிசல்ட் வந்தது. அதற்குள் சுனிதா கல்யாணப் பத்திரிகையின் ப்ரூஃப் என் மேஜையில் தயாராக இருந்தது. ‘திரு. துரை’ என்பதற்குப் பிறகு கொஞ்சம் இடம் விட்டு வைத்திருந்தேன். துரையண்ணன் தன் போனைத் தொட மறுத்துவிட்டதால் நான்தான் பார்த்தேன். சரோஜா: எழுபத்தொன்று. துரை: முப்பத்தைந்து. பாஸ்.

கீழே ஒரு குறிப்பு இருந்தது. ‘ஒரு மாணவி அளித்த புகாரின் பேரில், எட்டாவது கேள்வி பாடத்திட்டத்துக்கு வெளியே கேட்கப்பட்டது என்று தெரியவந்துள்ளது. அக்கேள்வியை எழுத முயன்றவர்களுக்கு முழு மதிப்பெண்ணாகிய பத்து வழங்கப்படுகிறது.’

முயன்றவர் ஒரே ஒருவர். கேஜ் வராத இடத்தில் தெரியாமலேயே ஏணியைப் போட்டவர் அந்த மாணவி. மாணவிக்கு வயது ஐம்பத்துநாலு.

துரையண்ணன் அழுதார். அச்சகத்தில் பையன்கள் பார்க்கிறார்களே என்ற வெட்கமில்லாமல் அழுதார். அப்புறம் வேட்டி நுனியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு டியூஷனுக்கு நடந்தார். மிஸ்ஸுக்கு ஏற்கெனவே விஷயம் தெரிந்திருந்தது.

“இருவத்தஞ்சு உங்களுது, பத்து என்னுது” என்றார் அவர். “தெரியும், ஆனா இந்த பேப்பர் இல்லைன்னு விட்டவளுக்கு சைபர். ஒண்ணும் தெரியாம டிபன் பாக்ஸ் வரைஞ்சவருக்குப் பத்து. நல்லா இருக்குதுண்ணா நம்ம யூனிவர்சிட்டி!”

“மிஸ், பத்திரிகையில உங்க பேரும் போடறேன். பட்டத்தோட.”

“போடுங்க. உங்க பேருக்கு மேல போடுங்க.”

அப்படியே போட்டேன். ‘தங்கள் வரவை எதிர்பார்க்கும்: சரோஜா, பி.எஸ்ஸி., துரை, பி.எஸ்ஸி.’ ப்ரூஃபை எடுத்துக்கொண்டு நானும் துரையண்ணனும் பேத்தமங்களாவுக்குப் போனோம். பட்டம் வந்துவிட்டது, பேசாமல் காட்டிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை.

“சம்மந்தி, நான் பாஸான வருஷம் கேட்டீங்களே. இந்த வருஷம்தான். முப்பத்தஞ்சு மார்க். அதுல பத்து இன்னொருத்தங்க தயவு. இத்தினி நாள் போட்டுக்கினு இருந்தது பொய்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு மார்க் ஷீட்டை நீட்டினார்.

சிவகுமார் மார்க் ஷீட்டைப் பார்த்தார். ப்ரூஃபைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். கல்யாணம் நின்றது என்றே நான் முடிவு செய்துவிட்டேன். துரையண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

சிவப்புப் பேனா துரையண்ணன் பெயரைத் தாண்டிக் கீழே போனது. மாப்பிள்ளை வீட்டார் வரிசையில் ‘சிவகுமார், எம்.ஏ.’ என்று இருந்த இடத்தில் நின்று, எம்.ஏ.வை மெதுவாக அடித்தது. சமையலறைப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி அவர் கேட்டார்.

“அந்த சரோஜா மிஸ்... எகனாமிக்ஸும் சொல்லிக் குடுப்பாங்களா?”