இரண்டு இடம், ஒரே பக்கம்

ஓட்டல் சலவைக்கூடத்தில் அவளுக்கு மடிப்பக்கா என்று பெயர். படுக்கை விரிப்பை அவள் மடித்தால் ஓரம் ஓரத்தோடு சேரும், இம்மி பிசகாது. எதையும் நேராக்கிவிடலாம் என்றொரு நினைப்பு அவளுக்கு. மருத்துவக் காப்பீட்டில் வீட்டாரைச் சேர்க்கும் வாரம் வந்தபோது அதே நினைப்போடுதான் ஆபீஸ் அறைக்குப் போனாள்.

"பெரியவங்க ரெண்டு பேருக்கு இடம் இருக்காமே சார்? எங்க அம்மாவையும் மாமியாரையும் போட்டுக்கங்க."

கிளார்க் உதட்டைப் பிதுக்கினார். "அப்படி முடியாதும்மா. உங்களைப் பெத்தவங்க, இல்லன்னா மாமனார் மாமியார். ஏதாவது ஒரு பக்கம்தான்."

"எங்கப்பாவும் இல்ல, மாமனாரும் இல்ல. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. கணக்கு சரிதானே?"

"உங்க கணக்கு சரி. கம்பெனி கணக்கு வேற. ஏற்கெனவே இருக்கிற வியாதிக்கும் பணம் குடுப்பாங்க, அதனால நல்லா யோசிச்சு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க. ஒரு தடவை குடுத்துட்டா அடுத்த வருஷம் இதே வாரத்துலதான் மாத்தலாம்."

இந்த விதியை எழுதிய புண்ணியவான் இரண்டு அம்மாக்களோடு ஒரே வீட்டில் இருந்து பார்த்திருக்க மாட்டான்.

மடிப்பக்கா வீட்டில் இரண்டு பேரும் இருந்தார்கள். டிவி சத்தத்துக்கும் மின்விசிறி வேகத்துக்கும் நாள் தவறாமல் முட்டிக்கொள்வார்கள். அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்து, மாற்றியே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. மாமியாருக்குப் பித்தப்பையில் கல், எடுத்தாக வேண்டும். வசதி இல்லாமல் இரண்டும் தள்ளிப்போய்க்கொண்டிருந்தன. எலெக்ட்ரீஷியன் கணவனைக் கேட்டால், "உன் இஷ்டம்" என்று நழுவிவிட்டான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விஷயம் காதில் விழுந்ததும் மாமியார் முந்திக்கொண்டாள். "உங்கம்மாவையே போடு. எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்."

"டாக்டரும் கல்லுன்னுதான் சொன்னாரு சம்பந்தியம்மா" என்றாள் அம்மா.

அன்றிலிருந்து அம்மாவின் நடையே மாறிவிட்டது. சுவரைத் தொடாமல் வீடு முழுக்க வளைய வந்தாள். தண்ணீர் வாளியைத் தூக்கினாள். "அந்தத் தைலம் நல்லா கேக்குதுடி" என்றாள். மாமியாரோ சாப்பிட்ட கையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். மறைக்கும் சாமர்த்தியம் அவளுக்குப் போதவில்லை.

அம்மா நடிக்கிறாள் என்பது மகளுக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டேதான் நம்பினாள். நம்பாவிட்டால் அவளால் ஒரு முடிவுக்கு வந்திருக்க முடியாது. அப்படி நம்பியது அவளை உள்ளுக்குள் குடைந்தது. வெள்ளிக்கிழமை மாமியார் பெயரைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். "யார் பேரைக் குடுத்த?"

"அத்தை பேரும்மா."

"இனிமே மாத்த முடியாதுல்ல?"

"அடுத்த வருஷம்தான்."

"நிச்சயமா?"

"நிச்சயமாம்மா."

"அப்பாடா" என்ற அம்மா கதவைப் பிடித்து, பிறகு சுவரைப் பிடித்து, ஒவ்வோர் அடியாக நொண்டிக்கொண்டே உள்ளே போனாள்.