சுவரில் ஏறிய வெளிச்சம்

வாகனத் தகுதிச் சோதனைக் கூடத்தில் அவரை எல்லோரும் ‘கறார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். எமனே எருமையில் வந்து நின்றாலும் பின்விளக்கு எங்கே என்று கேட்பார் என்பது கூட வேலை பார்ப்பவர்களின் கேலி. வீட்டிலும் அதே கதைதான். “மொத தடவ எங்க வீட்டுக்கு வந்தப்பவே நாற்காலிய ஆட்டிப் பாத்துட்டுத்தான் உக்காந்தாரு” என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கறாருக்கு விளங்கியதே இல்லை.

அந்தச் சின்ன ஸ்கூட்டர் வருடா வருடம் அவரிடம்தான் சோதனைக்கு வரும். பெயின்ட் உரிந்துபோன கிழட்டு வண்டி. ஆனாலும் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அதன் சொந்தக்காரர் படங்களுக்குச் சட்டம் போடுகிற முதியவர். ஊதினால் பறந்துவிடுவார், அவ்வளவு ஒல்லி.

இந்தத் தடவை அவருடைய மகளும் வந்திருந்தாள். கறாரைத் தனியே கூப்பிட்டு, “சார், எப்படியாவது இத ஃபெயில் பண்ணிடுங்க. அம்மா போனதுலேர்ந்து அப்பா வண்டியில பேசிக்கிட்டே போறாரு. எங்கயாவது விழுந்து வைக்கப் போறாரு. ஃபெயிலாச்சுன்னா காயலான் கடையில போட்டுடறேன்னு எனக்கு வாக்கு குடுத்திருக்காரு” என்றாள்.

“கொற இருந்தா ஃபெயில், இல்லன்னா பாஸ். நான் பண்றதுக்கு ஒண்ணுமில்லம்மா.”

முதியவர் கொட்டகை வாசலில் ஸ்கூட்டரின் கைப்பிடியை விடாமல் பிடித்தபடி நின்றார். “எனக்கு இத விட்டா வேற கதி இல்ல சார்” என்றார். கறார் வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்.

பிரேக், டயர், ஹாரன் எல்லாம் தேறின. முகப்பு விளக்கு ஒன்றுதான் பாக்கி. இருட்டுக் கொட்டகையில் ஆள் ஏறி உட்கார்ந்து விளக்கைப் போட்டால், வெளிச்சத்தின் மேல்விளிம்பு எதிர்ச்சுவரில் உள்ள கறுப்புக் கோட்டில் நிற்க வேண்டும். எப்போதும் கறாரேதான் ஏறி உட்காருவார். சொந்தக்காரர்களை உட்காரவிட்டால் முன்னே பின்னே நகர்ந்து ஏமாற்றுவார்கள் என்பது அவர் கட்சி. அன்றைக்குப் பார்த்து இடுப்பு பிடித்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் முதியவரையே ஏறச் சொன்னார்.

வெளிச்சம் கோட்டைத் தாண்டி மேலே ஏறியது. பின்னால் கனம் கூடினால் முன்விளக்கு நிமிரும். இரண்டு பேர் ஏறிய வண்டி காட்டும் உயரம் அது.

கறார் விளக்கை அணைத்தார். முதியவரை இறக்கிவிட்டு, இடுப்பு வலியோடு தொப்பையைத் தூக்கிக்கொண்டு தானே ஏறிப் பார்த்தார். கோட்டில் கச்சிதமாக நின்றது. மறுபடி முதியவர் ஏறினார். மறுபடி மேலே போயிற்று. குனிந்து பார்த்தால் பின்பக்க ஸ்பிரிங் பாதிக்கு அமுங்கியிருந்தது. பின்சீட்டைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினார். ரெக்சின் நடுவில் குழிந்திருந்தது. கையை இழுத்துக்கொண்டார்.

“ஐயா, எவ்ளோ நாளா இப்படி?”

“எதிர்ல வர்றவங்க கண்ணு கூசுதுன்னு திட்டிட்டுப் போறாங்க சார். உங்ககிட்ட வந்தா சரியா இருக்கு. நான் என்னன்னு சொல்லுவேன்?”

பயத்தைவிட வெட்கம்தான் கறாரைப் பிடுங்கித் தின்றது. ஒவ்வொரு வருடமும் தன் கனத்தைச் சோதித்துவிட்டு, அந்த வண்டிக்குப் பாஸ் போட்டிருக்கிறார்.

அவர் திருப்புளியை எடுத்து, முதியவர் உட்கார்ந்திருக்கும்போதே விளக்கைத் தாழ்த்தினார். வெளிச்சம் இறங்கிக் கோட்டில் நின்றது.

“அப்போ பாஸா?” என்றாள் மகள். அவளும் கொட்டகைக்குள் வந்திருந்தாள்.

“இல்ல. பின்னாடி உக்கார்றவங்களுக்கு ஃபுட்ரெஸ்ட் இல்ல. மாட்டிட்டு வந்தாத்தான் பாஸ்.”

“அப்பா ஒருத்தர்தானே சார் போறாரு?”

கறார் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “இறங்குங்க ஐயா” என்றார்.

முதியவர் உடனே இறங்கவில்லை. தலையை லேசாகப் பின்னால் திருப்பிக் காத்திருந்தார். வண்டி மெல்ல அசைந்தது. அவர் காலைக்கூடத் தூக்கவில்லை, அதற்குள் சுவரில் வெளிச்சம் கோட்டை விட்டுக் கீழே இறங்கிவிட்டது. அதன் பிறகுதான் அவர் இறங்கினார்.

மூவரும் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அந்த ஃபுட்ரெஸ்ட்ட கழட்டிப் போட்டது நான்தான் சார்” என்றாள் கடைசியில். “இனிமே யாரு உக்காரப் போறான்னு நெனச்சேன். இத்தன நாளா அம்மா கால தொங்கப் போட்டுக்கிட்டா வந்தாங்க?”